கொக்கிப் புத்தகத்தின் சொந்தக்காரர்

லிப்னா ஊர் முழுக்க ராதோவன் கொசினாவை "எழுத்தாளர் ஐயா" என்றுதான் கூப்பிடும். ரொட்டிக் கடைக்காரி அப்படித்தான் கூப்பிடுவாள், தபால்காரரும் அப்படித்தான், மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரம்மாவும் அப்படித்தான். ஒரு காலத்தில் அவனோடு வேலை பார்த்த ஒட்டிலி மட்டும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவன் எப்போதும் அவன்தான். ஆகவே இங்கேயும் அவன் அவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும், ஜூன் மாதத்தில் ஊர் நூலகத்தில் அவர்களுக்கு வாசகர் பட்டம் கட்டுவார்கள். பிள்ளை முழங்காலிட்டு ஒரு வரி வாசிக்கும். ராஜா வேடம் போட்டவர் மரக்கத்தியால் அதன் தோளைத் தொட்டு, "இன்றுமுதல் நீ வாசக வீரன்" என்பார். 1992 முதல் ராஜா ராதோவன்தான். தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம், பழைய நாடகக் கொட்டகைத் திரையை வெட்டித் தைத்த சிவப்பு அங்கி. ஐந்து பிள்ளைக்கு ஒரு தடவை கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வான். பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுவது அவனுக்குத் தாங்காது. பிள்ளைகளே தாங்காது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். பிள்ளைகளுக்கு எழுதிப் பேர் வாங்கிய ஒருவன், ஒரு பிள்ளையையாவது மடியில் தூக்கி வைத்ததை லிப்னாவில் யாரும் பார்த்ததில்லை.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு படப் புத்தகம். பெயர் 'காலிக் கொக்கி.' இருபத்துநான்கு பக்கம், முப்பத்தொரு வாக்கியம்.

பாலர் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் உண்டு: செர்ரி, முள்ளம்பன்றி, காளான், குடை. கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே அந்தப் படம், துண்டின் மேலே அதே படம், மதியம் தூங்கும் கட்டிலிலும் அதே படம். கொக்கிக்குக் கீழே, பள்ளிக்குள் மட்டும் போடும் உள்செருப்பு. எழுபது வயதுக் கிழவர்கூடச் சாராயக் கடையில் உட்கார்ந்து "நான் செர்ரிடா" என்று மார்தட்டுவார். புத்தகத்தில் வருவது குடைப் படம் ஒட்டிய கொக்கி. ஒரு திங்கட்கிழமை அதில் கோட்டு இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. மழைக்காலம் வருகிறது, பனிக்காலம் வருகிறது. மற்ற கொக்கிகளில் கம்பளிக் கோட்டுகள் பிதுங்குகின்றன. இடம் போதாவிட்டாலும் குடைக் கொக்கியில் யாரும் எதையும் மாட்டுவதில்லை. கடைசிப் பக்கத்தில் பனி உருகி மற்ற கொக்கிகளுக்குக் கீழே தரையெல்லாம் ஈரம். அந்தக் கொக்கிக்குக் கீழே மட்டும் தரை காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை.

அதைப் படித்துவிட்டுப் எந்த ஊர்ப் பிள்ளையானாலும் ஒரே கேள்விதான் கேட்கும்: "அது யாரோட கொக்கி? அந்தப் பிள்ளை திரும்பி வந்துச்சா?"

ராதோவனிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, "நீங்களே யோசிச்சுப் பாருங்க கண்ணுங்களா" என்பான். இந்தப் பதிலை வைத்தே தலைநகரத்துப் பேராசிரியர் ஒருவர் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். முடிவை வாசகனிடமே விட்டுவிடும் அடக்கமாம், கலையின் உச்சமாம். உண்மையில் அவனுக்குப் பதில் தெரியாது. தெரியாததற்குக் காரணம் எளிது. அந்தப் புத்தகத்தை எழுதியவன் அவனல்ல.

எழுதியவள் ஒட்டிலி.

எழுபதுகளில் இருவரும் 'கோழி வளர்ப்பு' என்ற மாதப் பத்திரிகையில் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிழை திருத்துவாள். பத்திரிகையில் பக்கம் நிரம்பாமல் இடம் மிஞ்சினால் அதை அடைக்க அவன் கவிதை எழுதுவான். வெள்ளைக் கோழியைப் பற்றி எழுதினான், அடைகாக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதினான், மே தினத்தில் முட்டையைப் பற்றி எழுதினான். பெரியவர்களுக்காக மூன்று கவிதைத் தொகுப்புகளும் தயாரித்து மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினான். மூன்றும் திரும்பி வந்தன. யாரும் தடை செய்யவில்லை. நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

1977-ல் ஒட்டிலி, அரசைக் குறை சொன்ன, போடக்கூடாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். மறு மாதமே வேலை போயிற்று. சோடாப் புட்டி கழுவும் கிடங்கில் சேர்ந்தாள். அவள் பெயர் எந்த அச்சிலும் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. அப்போதெல்லாம் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வம்பில் சிக்காத ஒருவனின் பெயரைக் கடன் வாங்கி, அதன் கீழே புத்தகம் போடுவது. மொழிபெயர்ப்பு, பாட்டு, வானொலி நாடகம் எல்லாம் அப்படி வந்தன. பெயர் கொடுத்தவனுக்கும் ஆபத்துத்தான். பிடிபட்டால் அவனும் புட்டி கழுவ வேண்டியதுதான்.

ஒட்டிலி ராதோவனைக் கேட்டாள். அவன் மூன்று நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வந்து, முகமெல்லாம் வெளிறி, "சரி, குடு" என்றான். அந்த ஒரு நாள் அவன் மனிதனாக இருந்தான் என்பதை ஒட்டிலி மறுத்ததே இல்லை. புத்தகத்துக்கு வந்த பணத்தையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தான், அதிலும் குறை சொல்ல முடியாது. ஒன்று மட்டும் வற்புறுத்தினான்: கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிட வேண்டும், சோதனை வந்தால் இருவரும் தொலைந்தோம் என்றான். அவளும் போட்டுவிட்டாள். நியாயமான பயம்தான். அந்த நியாயமான பயம் பின்னால் அவனுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பது வேறு கதை.

புத்தகம் 1979-ல் வந்தது. படம் வரைந்தவர் ப்ர்னோ நகரத்துக்காரர், இருவரையும் பார்த்தறியாதவர். அடுத்த வருடம் அதற்கு 'வெள்ளிக் காற்றாடி' விருது கிடைத்தது. ராதோவன் பழுப்பு வெல்வெட்டில் ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டு மேடை ஏறினான். இறங்கும்போது ஆளே மாறியிருந்தான்.

முதலில் நடை மாறியது. பிறகு பேச்சு. "என் கொக்கி" என்று சொல்ல ஆரம்பித்தான். ஒட்டிலி எதிரே இருக்கும்போதே சொன்னான். பிறகு சொந்தமாகவும் எழுதத் துணிந்தான். 'கொக்கி கடலுக்குப் போகிறது', 'கொக்கியும் டிராக்டரும்', 'கொக்கிக்குத் தடுப்பூசி'. கடைசியாகச் சொன்னதில் சுகாதாரத் துறையின் முன்னுரை உண்டு. கதையில் கொக்கி அழாமல் ஊசி போட்டுக்கொள்ளும். எந்த இடத்தில் போட்டார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் வாங்கின. அட்டையில் வெள்ளிக் காற்றாடி முத்திரை இருந்ததே, அது போதாதா? வாங்கி அலமாரியில் வைத்தன. இன்றைக்கும் அவை புதுக்கருக்கு மாறாமல் அங்கேயே இருக்கின்றன.

1989-ல் காலம் புரண்டது, பழைய ஆட்சி விழுந்தது. 1990 ஜனவரியில் கடன் வாங்கிய பெயர்களை எல்லோரும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்னார் பெயரில் வந்த நூல் உண்மையில் இன்னார் எழுதியது என்று வாரம் தவறாமல் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. ஒட்டிலி ஒரு ஞாயிற்றுக்கிழமை ராதோவன் வீட்டுக்குப் போனாள்.

"இப்பவா? ரெண்டாம் பதிப்பு அச்சுல ஓடிக்கிட்டு இருக்கு ஒட்டில்கா. இப்பப் போய் மாத்துன்னா எல்லாம் நின்னு போயிடும். அடுத்த பதிப்புல பண்ணிடலாம். நான் எங்க ஓடியா போறேன்?" என்றான், செல்லப் பெயரில் குழைந்து.

அவன் எங்கும் ஓடிப் போகவில்லை. அதுதான் தொல்லை. மூன்றாம் பதிப்பு வந்தது, நான்காவது வந்தது, ஆறாவதும் வந்தது. அட்டையில் ராதோவன் கொசினா, ராதோவன் கொசினா, ராதோவன் கொசினா.

ஒட்டிலி இரண்டாம் தடவை கேட்கவில்லை. முதல் தடவை கேட்பது உரிமை, இரண்டாம் தடவை கேட்பது பிச்சை என்று நினைக்கிற வகை அவள். கையில் ஒரு துண்டுத் தாள்கூட ஆதாரமில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்த வருடத்து வரிசை. லிப்னாவில் திடீரென்று எல்லோரும் வீரர்களாகிவிட்டார்கள். கறிக்கடைக்காரன் ரகசியமாக வெளிநாட்டு வானொலி கேட்டானாம். பள்ளி ஆய்வாளர் மனத்துக்குள் எதிர்த்தாராம். அந்த வரிசையின் வாலில் போய் நின்று "நானும்" என்று சொல்ல அவளுக்குக் கூசியது. அவள் வாங்கியது புட்டி கழுவி வெடித்த விரல்கள். அதற்குச் சாட்சி தேட மாட்டாள்.

ராதோவனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. கொக்கிக் கதையில் வராமல் போன பிள்ளை, நாட்டை விட்டு ஓடிய குடும்பத்துப் பிள்ளை என்று விமர்சகர்கள் எழுத, அவனும் மெல்லத் தலையாட்டினான். அடுத்த கூட்டத்தில், "ஆமாம், அப்போதே துணிந்து எழுதினேன்" என்றான். அதற்கடுத்த கூட்டத்தில், தன் கவிதைத் தொகுப்புகள் மூன்றும் தடை செய்யப்பட்டன என்றான். பத்து வருடத்தில் அவன் இரண்டு நாள் காவலில் இருந்தவனாகிவிட்டான். உண்மை என்னவென்றால் 1979-ல் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் தாழ்வாரத்து பெஞ்சில் தன் முறைக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இப்படி வளர்ந்த வீரம் 2006-ல் அவன் தலையிலேயே விழுந்தது.

அந்த வருடம் பட்டம் கட்டும் விழாவிலேயே அவனுக்கு ஊரின் கௌரவக் குடிமகன் பதக்கமும் கொடுப்பதென்று நகரமன்றம் முடிவு செய்தது. நூலகர் பிளாங்கா ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவன் வாழ்க்கையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். நாற்பது வயதுக்காரி, எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். வெள்ளிக் காற்றாடி கிடைத்தது, வெல்வெட் கோட்டும் கிடைத்தது. "அடக்குமுறை பத்தியும் ஏதாவது வைம்மா, ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்றார் நகரத் தலைவர்.

"ரகசியப் போலீசுல என் பேருல கோப்பு இருக்கும்மா. கட்டுக்கட்டா இருக்கும். வரவழைச்சு வை" என்றான் ராதோவன். விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். கோப்பு நேராக நூலகத்துக்கே வரட்டும் என்று முகவரியும் அவனே சொன்னான்.

இப்படி ஒரு முட்டாள்தனத்தை எவனாவது செய்வானா என்று கேட்கலாம். அவன் கணக்கு வேறு. பெயர் கடன் வாங்கியது போலீசுக்குத் தெரிந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பார்களே? பிடிக்கவில்லை, ஆகவே தெரியாது. தவிர, பதினாறு வருடம் தன் வாயாலேயே கேட்டுக் கேட்டு, அந்தப் புத்தகத்தைத் தான்தான் எழுதினோம் என்று அவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கட்டுக்கட்டாக ஒன்றும் வரவில்லை. மூன்று தாள் வந்தது. பிளாங்கா அதைப் படித்துவிட்டு ஒட்டிலிக்குப் போன் செய்தாள்.

ஒட்டிலி உருளைக்கிழங்குப் பையோடு நேராக நூலகத்துக்கு வந்தாள். அறுபத்தாறு வயது, பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும். முதல் தாள் வெறும் விவரக் குறிப்பு. இரண்டாம் தாள் விசாரணை: இருபத்தைந்து நிமிடம் நடந்தது, மேற்படியார் அழுதார், தண்ணீர் கேட்டார், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார், அதிகம் பேசுகிறவராதலால் உளவு வேலைக்கு ஏற்றவரல்லர். மூன்றாம் தாள் பத்திரிகை ஆசிரியர் கொடுத்த தகவல். அவர் செத்துப் பல வருடமாயிற்று. 'காலிக் கொக்கி' நூலை எழுதியவர் முன்னாள் பிழைதிருத்துநர் ஒட்டிலி ஷிமாச்கோவா என்றும், கொசினா பெயர் மட்டும் கொடுத்தவர் என்றும் அதில் தட்டச்சாகியிருந்தது. கீழே ஓர் அதிகாரி பேனாவால் எழுதியிருந்தான்: "நூலைப் பரிசீலித்தேன். கோட்டு மாட்டும் கொக்கியைப் பற்றியது. நாட்டுக்கு எதிராக ஒன்றுமில்லை. நடவடிக்கை தேவையில்லை."

ஒட்டிலி அதை இரண்டு தடவை படித்தாள். அங்கிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளை எழுத்தாளர் என்று சொல்லும் ஒரே தாள் இந்த உலகத்தில் அதுதான். அதையும் எழுதியவன் ஒரு போலீஸ்காரன்.

"அழாதீங்கம்மா" என்றாள் பிளாங்கா.

"நான் எங்க அழுறேன்? கொக்கியைப் பத்தியதாம்! அந்தக் கழுதைக்கு அவ்வளவுதான் புரிஞ்சிருக்கு" என்றாள் ஒட்டிலி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிளாங்கா, எனக்குப் பதக்கம் கிதக்கம் எதுவும் வேணாம். அந்தப் புத்தகத்து மேல என் பேரு இருக்கணும். செத்துப் போறதுக்குள்ள அதை நான் பார்க்கணும். அவ்வளவுதான்."

விழா நாளன்று நூலகத்தின் பின்னறையில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே, ராதோவன் ராஜா அங்கிக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தான். ஒட்டிலியும் பிளாங்காவும் உள்ளே வந்தார்கள்.

"அட, ஒட்டில்கா! நீயும் வந்துட்டியா? வேஷம் எப்படி, பொருந்தியிருக்கா?"

"நல்லாப் பொருந்தியிருக்கு. உள்ளேயும் அட்டை, வெளியேயும் அட்டை."

"உன் நாக்கு மட்டும் கிழடாகவே மாட்டேங்குது."

பிளாங்கா மூன்று தாளையும் நீட்டினாள். "எழுத்தாளர் ஐயா, உங்க கோப்பு வந்திருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். இரண்டாம் தாளில் சிரிப்பு நின்றது. மூன்றாம் தாளில் நிறம் போயிற்று. 1978-ல் "சரி, குடு" என்று சொன்னபோது இருந்த அதே வெளுப்பு என்று ஒட்டிலி நினைத்தாள்.

"இதெல்லாம் போலீஸ்காரன் கிறுக்கினது. அவனுங்க எழுதினதை எவன் நம்புவான்?"

"நேத்து வரைக்கும் நீதானே நம்பின? கட்டுக்கட்டா இருக்கும்னு சொன்னியே."

"அழுதேன்னு போட்டிருக்கான். எனக்கு அன்னிக்கு ஜலதோஷம்."

"சரி, ஜலதோஷம். மூணாவது தாள்ல உனக்கு என்ன வியாதி?"

அவன் கிரீடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிளாங்கா பொறுமையாகச் சொன்னாள்: "ஐயா, நீங்களே மேடையில சொல்லிடுங்க. அந்தக் காலத்துல பேரைக் குடுத்து உதவுனீங்களே, அது நிஜமாவே பெரிய காரியம். அதை வெச்சே உங்களுக்கு மரியாதை பண்ணலாம். சொல்லலேன்னா, மன்னிக்கணும், அந்தத் தாளை நான் கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுவேன்."

"மூணு நாள் தூங்காம பயந்து செத்தேன் ஒட்டில்கா, உனக்குத் தெரியாது" என்றான் ராதோவன். குரல் உண்மையாகவே நடுங்கியது.

"தெரியும். அதுக்காக அப்பவே உனக்கு நன்றி சொன்னேன். இப்பவும் சொல்றேன். அந்த மூணு நாளுக்குப் பதினாறு வருஷம் வட்டி வாங்கிட்ட. போதும்."

 பிறகு அவன் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வருவதை ஒட்டிலி கவனித்தாள். வெட்கப்படுகிறவன் முகத்தில் வரும் வெளிச்சமல்ல அது. 

"சொல்றேன். நானே சொல்றேன்" என்று கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டான்.

கூடத்தில் இருபத்துமூன்று பிள்ளைகள் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெற்றோர், ஓரத்து மேசையில் முட்டையும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் வைத்த ரொட்டித் துண்டுகள். ஒவ்வொரு பிள்ளையும் முழங்காலிட்டு ஒரு வரி வாசித்தது. ராஜா தோளைத் தொட்டான், கையைத் துடைத்தான். இருபத்துமூன்றும் முடிந்ததும் நகரத் தலைவர் பதக்கப் பெட்டியோடு எழுந்தார். ராதோவன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான்.

"பெரியவங்களே, பிள்ளைங்களே! இந்தப் பதக்கத்தை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரகசியத்தைச் சொல்லியாகணும். இருபத்தெட்டு வருஷமா என் நெஞ்சுல பூட்டி வெச்ச ரகசியம்."

 அவன் ஒட்டிலியை நோக்கிக் கையை நீட்டினான்.

"இந்த அம்மாவை நாட்டுல எல்லாரும் கைவிட்டாங்க. பேச நாதி இல்ல, எழுத வழி இல்ல. அப்ப நான் ஒருத்தன் துணிஞ்சேன். என் பேரை இவங்களுக்குக் கேடயமாக் குடுத்தேன். 'காலிக் கொக்கி'யை எழுதினது இவங்க. போலீஸ் என்னை விசாரிச்சுது. ஒரு வார்த்தை வாயைத் திறக்கல. இவங்களுக்கு ஆபத்து வந்துடக் கூடாதேன்னு இன்னிக்கு வரைக்கும் திறக்கல. விருதும் புகழும் சுமையாத்தான் இருந்துச்சு. இவங்களுக்காகச் சுமந்தேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நகரத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒரு தாய் எழுந்து நின்றாள், அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். பதக்கம் ராதோவன் கழுத்தில் விழுந்தது. "எங்கள் காலத்தின் மௌன வீரர்" என்றார் நகரத் தலைவர். எழுதியதற்காக ஒரு விருது வாங்கியவன் எழுதாததற்காக இன்னொன்று வாங்கிவிட்டான்.

ஒட்டிலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 1990-க்குப் பிறகு அவளுக்கு என்ன ஆபத்து? லிப்னாவில் ஆபத்து என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே மூடாமல் கிடக்கும் பள்ளம் ஒன்றுதான். அவள் பெயர் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது, ஆமாம். பிச்சைத் தட்டில் வைத்து, அவன் கையால் வந்திருக்கிறது. ஊரே அவளைப் பார்த்து, எவ்வளவு கொடுத்துவைத்தவள் இந்தக் கிழவி, இப்படி ஒரு மனிதர் இவளுக்குக் கிடைத்தாரே என்று புன்னகைத்தது. பக்கத்திலிருந்த ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "ஐயாவுக்கு நன்றி சொல்லுங்கம்மா" என்றே சொல்லிவிட்டாள்.

பிளாங்கா முகம் சிவந்து நின்றாள். அவள்தான் மரியாதை பண்ணலாம் என்று வழி சொல்லிக் கொடுத்தவள்.

பிறகு கையெழுத்து நேரம். ஒரு நீள மேசை, அதன் ஓரத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த ஊறுகாய்த் தட்டு. நடுவில் கிரீடத்தோடும் பதக்கத்தோடும் ராதோவன், பக்கத்தில் அவசரமாகப் போட்ட நாற்காலியில் ஒட்டிலி. பிள்ளைகள் ஆளுக்கொரு 'காலிக் கொக்கி'யோடு வரிசையில் நின்றார்கள். பழக்க தோஷத்தில் ராதோவன் பேனாவைத் திறந்தான்.

வரிசையின் முதலில் நின்றவள் ரோசாலி, முன்பல் இரண்டும் விழுந்தவள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்து ராஜாவைப் பார்த்தாள்.

"இது யாரோட கொக்கி? அந்தப் பிள்ளை திரும்பி வந்துச்சா?"

ராதோவன் தலையைச் சாய்த்தான். "நீங்களே யோசிச்சுப் பாருங்க கண்ணுங்…"

"மத்யாஷோட கொக்கி" என்றாள் ஒட்டிலி.

சிறுமி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "மத்யாஷ் யாரு?"

"என் அக்கா பையன். அஞ்சு வயசு. அவனுக்குக் குடைப் படம். ஒரு கோடையில அம்மா அப்பாவோட கடலுக்குப் போனான். அப்படியே வேற நாட்டுக்குப் போயிட்டாங்க."

"திரும்பி வந்தானா?"

"வரல. இப்பக் கனடாவுல பல் டாக்டரா இருக்கான். உன் பல்லைப் பார்த்தா ரொம்ப சந்தோஷப்படுவான்."

ரோசாலி சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் முக்கியம். "அவனோட உள்செருப்பு? அது கொக்கிக்குக் கீழேதானே இருக்கும்?"

ஒட்டிலி அவள் பக்கம் குனிந்தாள். இருபத்தேழு வருடத்தில் ஒரு பேராசிரியரும் கேட்காத கேள்வி. "நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன். டீச்சர் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. அப்பத்தான் அந்தக் கொக்கியைப் பார்த்தேன். செருப்பு இன்னும் என் வீட்டுல இருக்கு."

வரிசை கலைந்து பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குவிந்தார்கள். செருப்பு என்ன நிறம்? கனடாவில் அவனுக்கு வேறு கொக்கி கிடைத்ததா? அங்கேயும் குடைதானா? அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. நீலம். கிடைத்தது. இல்லை, அங்கே படம் கிடையாது, பெயர்தான் எழுதியிருப்பார்கள். அதை அவனுக்கு வாசிக்கத் தெரியாமல் முதல் நாள் அழுதானாம்.

ராதோவன் முன்னால் யாரும் இல்லை. ஒட்டிலி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒருவேளை இப்போதாவது, என்று ஒரு கணம் நினைத்தாள். மத்யாஷ் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்திருக்கிறான். ராதோவனின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கோழிப் படத்துக்கு வர்ணம் தீட்டியிருக்கிறான். ராதோவனுக்கு நினைவு வருமோ?

அவன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அவனுக்கு ஒரு கூட்டம் இருந்தது. அந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில், கொட்டை எழுத்தில், வரிசையாகக் குறித்து வைத்திருந்தான்: மத்யாஷ். அஞ்சு வயது. கனடா, பல் டாக்டர். செருப்பு நீலம்.

ஒட்டிலி அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். அழைப்பிதழை எடுத்து நான்காகக் கிழித்து, ஊறுகாய்த் தட்டில் போட்டாள். பிறகு ரோசாலியின் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அட்டையில் அச்சாகியிருந்த பெயரின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே தன் பெயரை எழுதினாள்.

"அடுத்தது யாரு?" என்றாள்.